‘ஹார்ட் மாத்திரைதானே!’

மனநல மருத்துவர் பெயர்ப்பலகை இருக்கும் தெருவில் நடக்கவே கூசுகிறவர்கள்கூட ஒரு மாத்திரையை மட்டும் கூச்சமில்லாமல் கைப்பையில் வைத்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ஒன்று, மேடையேறும் முன் ஒன்று, மேனேஜர் கூப்பிட்டால் ஒன்று, சம்பந்தி வீட்டார் வருகிற நாளில் ஒன்று. அதன் பெயர் புரோப்ரனலால். ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: “இது மெண்டல் மாத்திரை இல்லைங்க, ஹார்ட் மாத்திரைதானே. பழக்கமாகாது, ஒண்ணும் பண்ணாது.”

இந்தப் பதிலில் உண்மை கொஞ்சம், பொய் நிறைய. இரண்டையும்விட அதிகம் வெட்கம். மூளைக்கான மருந்து அவமானம், இருதயத்துக்கான மருந்து கௌரவம் என்று நாம் ஒரு சாதிப் பிரிவினை வைத்திருக்கிறோம். அந்தக் கௌரவத்தின் நிழலில்தான் இந்த மாத்திரை வீடு வீடாக நுழைந்திருக்கிறது. இருதயத்துக்கானது என்றால் சாதுவானது என்று யார் சொன்னது? நிமிடத்துக்கு எழுபது எண்பது தடவை நிற்காமல் துடிக்க வேண்டிய உறுப்பில் கை வைக்கிற மருந்துக்கல்லவா அதிகம் பயப்பட வேண்டும்?

புரோப்ரனலாலை உருவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, நெஞ்சுவலிக்காரர்களின் இருதயத்துக்கு இன்னும் ரத்தம் கொடுக்க முயல்வதற்குப் பதிலாக, அதன் வேலையைக் குறைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். அட்ரினலின் வந்து ஒட்டிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளை அடைத்துவிட்டால் துடிப்பு மட்டுப்படும், வலியும் குறையும். அந்த யோசனைக்கு 1988இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. மருந்து கடைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, 1966இல், கிரான்வில்-கிராஸ்மன், டர்னர் என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் பதற்ற நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். ஆக, இது யூடியூப் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. அறுபது ஆண்டுக் கதை.

ஒரு நோய்க்கான மருந்தை இன்னொன்றுக்குத் திருப்புவதையும் நான் குறை சொல்லவில்லை. இதே புரோப்ரனலாலை, குழந்தைகளின் முகத்தில் செக்கச் செவேலென்று வளரும் ரத்தக்குழாய்க் கட்டிக்குக் கொடுத்தால் கட்டி சுருங்குவதை 2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டார்கள். அதற்குப் பிறகு முறையான ஆய்வு நடந்தது, எடைக்கு ஏற்ற அளவு வகுத்தார்கள், நாடித்துடிப்பைக் கண்காணிக்கும் முறை வந்தது. 2014இல் அமெரிக்க அரசின் மருந்து அனுமதி அமைப்பும் ஒப்புதல் தந்தது. திருப்புவது என்றால் இப்படித் திருப்ப வேண்டும். அதே அமெரிக்க அமைப்பு பதற்றத்துக்கு இந்த மருந்தை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை.

பதற்றத்தில் இது என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதற்குப் பதிலும் பழையதுதான். 1974இல் பீட்டர் டைரர், மால்கம் லேடர் என்ற இரண்டு மனநல ஆய்வாளர்கள் நாள்பட்ட பதற்றமுள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது என்று உடம்பைச் சொல்பவர்கள் ஒரு பக்கம். என்ன ஆகுமோ ஏது ஆகுமோ என்று மனசைச் சொல்பவர்கள் மறுபக்கம். முதல் கூட்டத்துக்குப் புரோப்ரனலால் ஓரளவு கேட்டது. இரண்டாம் கூட்டத்துக்குக் கேட்கவில்லை. சிறிய ஆய்வுதான், பன்னிரண்டு பேர். ஆனால் அதன் பிறகு வந்தவையும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, எந்தப் பதற்றக் கோளாறுக்கும் இதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள்.

இந்த மாத்திரை மீதான நம்பிக்கைக்கு ஆதரவான சாட்சிகளையும் மறைக்கக் கூடாது. 1977இல் வயலின் போன்ற நரம்பிசைக் கருவி வாசிக்கும் இருபத்து நான்கு பேருக்கு, இதன் சகோதர மருந்தான ஆக்ஸ்ப்ரனலாலைக் கொடுத்து வாசிக்க வைத்தார்கள். மேடை நடுக்கம் குறைந்தது, வாசிப்பும் மேம்பட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடும் போட்டியில் வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய வட கொரியாவின் கிம் ஜோங்-சு, ரத்தத்திலோ சிறுநீரிலோ இருக்கக் கூடாத மருந்தோடு பிடிபட்டு இரண்டு பதக்கங்களையும் திருப்பிக் கொடுத்தார். அந்த மருந்து புரோப்ரனலால். வில் பிடித்த கையும் விசை அழுத்தும் விரலும் நடுங்காமல் இருக்க இது உதவும் என்பதில் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் தடை எதற்கு? ஒரு கச்சேரி, ஒரு மேடை, மருத்துவர் பார்த்துக் கொடுத்த ஒரு மாத்திரை என்றால் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் இந்தச் சாட்சிகள் எல்லாம் கையைப் பற்றிப் பேசுகின்றன. வீட்டுக் கடனையும் வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் நினைத்து ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பவருக்குக் கை நடுக்கமா பிரச்சினை?

அன்றாடம் போடும்போது வேறொரு வினையும் சேர்கிறது. கூட்டத்தில் நன்றாகப் பேசிவிட்டு வந்தால், பேசியது நான் என்று மனசு ஒப்புக்கொள்ளாது. மாத்திரை பேசியது என்றுதான் கணக்கு வைக்கும். அடுத்த முறை பை தடவிப் பார்த்து அட்டை இல்லை என்றால் அதற்கே வியர்க்கும். பதற்றத்துக்கான பேச்சு சிகிச்சையில் செய்வதோ நேரெதிர். நெஞ்சு அடிக்கட்டும், அடித்தபடியே பேசு, ஒன்றும் ஆகவில்லை பார் என்று உடம்புக்குக் கற்றுக்கொடுப்பார்கள். அந்தப் பாடம் ஏறுவதற்கு நெஞ்சு அடித்தாக வேண்டும். ‘பழக்கமாகாது’ என்கிறார்களே, போதைப் பொருள் போலப் பழக்கமாகாதுதான். பயத்தோடு பழகவும் விடாது.

இனி ‘ஒண்ணும் பண்ணாது’ என்பதற்கு வருவோம். புரோப்ரனலால் இருதயத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடுவதில்லை. மூச்சுக்குழாயின் ஏற்பிகளையும் அடைக்கும். ஆஸ்துமாக்காரர் இதைப் போட்டால் மூச்சுக்குழாய் இறுகும். அவசரத்துக்கு இன்ஹேலரை எடுத்து அடித்தால் அதுவும் சரியாகக் கேட்காது, ஏனென்றால் இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால் வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஏற்கெனவே பூட்டு தொங்குகிறது. அடுத்தது சர்க்கரை. இன்சுலின் போடுகிறவருக்கோ கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ சர்க்கரை திடீரென இறங்கினால் உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை, படபடப்பும் கை நடுக்கமும்தான். அவர் உடனே ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கொள்வார். இந்த மாத்திரை அந்த இரண்டு எச்சரிக்கையையும் அமுக்கிவிடும், வியர்வை ஒன்றுதான் மிஞ்சும். நம் ஊர் வெயிலில் வியர்வையை யார் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள்?

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது, படபடப்பு என்றாலே ‘டென்ஷன்’ என்று முடிவு கட்டும் அவசரத்தைப் பார்க்கும்போது. அதிலும் பெண் சொன்னால் முடிவு இன்னும் சீக்கிரம் வந்துவிடும். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், இருப்பதை வைத்து ஓட்ட இருதயம் வேகமாக அடிக்கத்தான் செய்யும். தைராய்டு அதிகம் சுரந்தாலும் அடிக்கும். அங்கே வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பாதி மாத்திரையில் துடிப்பு அடங்கிவிட்டால், “பார்த்தியா, டென்ஷன்தான்” என்று நோய் உள்ளேயே தங்கிவிடும். தைராய்டுக்கு மருத்துவர்களே இதை எழுதுவதுண்டு. ஆனால் அவர்கள் தைராய்டைக் கண்டுபிடித்த பிறகு எழுதுகிறார்கள்.

மெடிக்கல் ஷாப் கவுண்டரில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். சட்டப்படி இது ஷெட்யூல் எச் மருந்து, சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. “படபடப்புக்கு ஏதாவது குடுங்கண்ணே” என்றால் போதும், பல கடைகளில் அண்ணன் பெட்டியைத் திறந்து, அட்டையைக் கத்தரிக்கோலால் நான்கு மாத்திரை அளவுக்கு நறுக்கி, காகித உறையில் போட்டு நீட்டிவிடுவார். பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் மிச்சத்தோடு கடையிலேயே தங்கிவிடும். அந்த நாலு மாத்திரை வெறும் புரோப்ரனலால்தானா என்றும் வாங்கியவருக்குத் தெரியாது. இந்தியச் சந்தையில் இதோடு எடிசோலமோ குளோனசிபாமோ சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். அவை இரண்டும் பழக்கமாகக் கூடிய தூக்க வகை மருந்துகள். மெண்டல் மாத்திரை வேண்டாம் என்று ஓடியவர், எதற்கு ஓடினாரோ அதையே விழுங்கிக்கொண்டிருப்பார், ஹார்ட் மாத்திரை என்ற தைரியத்தில்.

மருத்துவர்களையும் விடுவதற்கில்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, உள்ளே மூன்று நிமிடத்தில் ஒருவரை அனுப்ப வேண்டும். மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றால் நோயாளி முகம் மாறும், அடுத்த முறை வரமாட்டார். நெஞ்சுக்கு ஒரு மாத்திரை எழுதினால் இரண்டு பேருக்கும் சௌகரியம். இந்தச் சௌகரியம் பிரிட்டனில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பதிவில் இருக்கிறது. பதற்றத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தாராளமாக எழுதப்பட்ட இந்த மாத்திரை, அளவுக்கு மீறி விழுங்கினால் எவ்வளவு வேகமாக உயிரைப் பறிக்கும் என்பது பல மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்று இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு 2020இல் எச்சரித்தது. மனம் உடைந்திருப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாத மருந்தை, மனம் உடைந்திருப்பவர் கையிலேயே கொடுக்கிறோம். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இந்த அட்டை ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

மனசு விட்டுப் பேச வேறு வழியும் உண்டு. மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, யார் வீட்டுத் திண்ணையிலிருந்தும் யார் கண்ணிலும் படாமல் கூப்பிடலாம். வெட்கம்தான் தடை என்றால் அதற்கும் வழி அங்கே இருக்கிறது.

தினமும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பல நாள் அடைபட்டிருந்த ஏற்பிகள் திடீரெனத் திறந்தால் துடிப்பு முன்பைவிட மோசமாக எகிறும். நெஞ்சுவலிக்காரர்களுக்கு மாரடைப்புவரை போகலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய், படிப்படியாகக் குறைக்க அட்டவணை கேளுங்கள். எழுதிக் கொடுத்தவர் என்று யாருமே இல்லை, கடையில் வாங்கியதுதான் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, அந்த நறுக்கிய அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.