14416-க்கு போன் பண்ணா இந்தியில பேசலாம்... ஆனா மொழி மட்டும் போதுமா? வெளிமாநிலத் தொழிலாளர்களும் மனநல ஆலோசனையும்

திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பீகார் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளாகத் தூக்கம் இல்லை. டாக்டரிடம் போய் 'கப்ராஹட்' என்கிறார். கூட வந்த சூப்பர்வைசர் 'பயமா இருக்காம்' என்று மொழிபெயர்க்கிறார். ஆனால் அந்த ஒரு சொல்லில் பயம், படபடப்பு, இருப்புக்கொள்ளாமை எல்லாமே அடக்கம். பாதி விஷயம் அங்கேயே காணாமல் போகிறது.

சிக்கல் இதோடு முடியவில்லை. அவருடைய பிரச்னையே அந்த சூப்பர்வைசராக இருந்தால்?

சட்டம் என்ன சொல்கிறது?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மதம், சாதி, பண்பாடு, வர்க்கம் எதை வைத்தும் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது. சிகிச்சை பற்றிய தகவலை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். முதலாளியோ மேஸ்திரியோ நடுவில் நின்று மொழிபெயர்த்தால், இந்த ரகசியம் முதல் நிமிடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழிதான் டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச தொலைபேசி சேவை. எண் 14416. 24 மணி நேரமும் இயங்கும். 20 மொழிகளில் பேசலாம்.

அப்போ பிரச்னை தீர்ந்ததா?

பாதிதான். சந்தாலி வீட்டு மொழியாக உள்ளவருக்கு இந்தி இரண்டாவது, மூன்றாவது மொழி. அதில் கூலிக் கணக்கு பேசலாம், அழ முடியுமா?

அடுத்தது, கஷ்டத்தை எப்படிச் சொல்கிறோம் என்பது. நம்ம ஊரிலேயே 'எனக்கு மன அழுத்தம்' என்று யார் சொல்கிறார்கள்? 'நெஞ்சு அடைக்குது', 'மனசே சரியில்ல', 'யாரோ செய்வினை வெச்சுட்டாங்க' என்றுதான் பேச்சு வரும். ஆலோசகர் இதைக் கேட்டுச் சிரித்தால், அந்த நபர் மறுபடி வரமாட்டார்.

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த தனியார் காப்பகம் எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். அதன்பிறகும் மக்கள் தர்காவுக்குப் போவதை நிறுத்தவில்லை. அதனால் அதே ஏர்வாடியில், பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் கிடைக்கட்டும் என்று அரசு மனநல சிகிச்சையைக் கொண்டுவந்தது. நம்பிக்கையோடு சண்டை போடாமலே ஆளைக் காப்பாற்ற முடியும் என்பதுதான் இதன் அடிப்படை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுகிறவர்கள் மனச்சோர்வை 'குஃபுங்கிசிசா' என்பார்கள். 'அதிகமா யோசிக்கிறது' என்று பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'ரொம்ப யோசிக்காத' என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் ஹராரேவில் அந்தச் சொல்லை வைத்தே வேலையைத் தொடங்கினார். உள்ளூர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்தில் ஒரு மர பெஞ்சில் உட்காரவைத்தார். 'நட்பு பெஞ்ச்' என்று பெயர். பலன் தருகிறது என்று 2016-ல் ஆய்வு முடிவும் வந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணலைச் சேர்த்தது. உங்க பிரச்னையை நீங்க எப்படிச் சொல்வீங்க, எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க, இதுவரை யார்கிட்ட உதவி கேட்டீங்க? இந்த மாதிரிதான் கேள்விகள். எல்லாமே கேட்பதற்கு. 'பீகார்க்காரங்க இப்படித்தான்' என்று ஆலோசகர் முன்கூட்டியே முடிவு கட்டினால், அதுவும் தப்புதான். ஒரே ஊர்க்காரர் இருவருக்கு ஒரே மனசு இருக்காது.

நாம என்ன செய்யலாம்?

உங்கள் கடையிலோ, கட்டட வேலையிலோ, பக்கத்து அறையிலோ வெளிமாநிலத்தவர் யாராவது சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருக்கிறாரா? 14416 எண்ணைக் கொடுங்கள். அவருடைய மொழியைத் தேர்வு செய்ய உதவுங்கள். அப்புறம் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். அவர் என்ன பேசினார் என்று பிறகு கேட்கவும் வேண்டாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி அவர் பேசினால் மட்டும் தனியாக விடாதீர்கள். கூடவே இருந்து, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.