அமெரிக்க முதியோரும் “தேர்வுச் சுதந்திர”மும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15-ம் தேதி முதல் டிசம்பர் 7-ம் தேதி வரை அமெரிக்காவில் ஒரு பெரும் சந்தை கூடுகிறது. அங்கே விலை பேசப்படுவது துணியல்ல, தானியமல்ல, முதியவர்களின் நோய்! 65 வயது கடந்தவர்கள் தங்கள் மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் காலம் இது. டெலிவிஷனைத் திறந்தால் விளம்பரம். டெலிபோனை எடுத்தால் ஏஜெண்டின் குரல். பல் வைத்தியம் உண்டு, மூக்குக் கண்ணாடி உண்டு, தனியாக மாதச் சந்தா கிடையாது என்றெல்லாம் ஆசை காட்டுகிறார்கள். இதற்குப் பெயர் “தேர்வுச் சுதந்திரம்”!

இது யாருடைய சுதந்திரம்?

மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவத் திட்டம் முதலாளிகள் மனமிரங்கிப் போட்ட பிச்சையல்ல. தொழிற்சங்கங்களும், அவற்றின் ஆதரவோடு 1961-ல் அமைந்த முதியோர் தேசியக் கவுன்சிலும் போராடிப் பெற்ற உரிமை அது. “சோஷலிஸ வைத்தியம் வருகிறது!” என்று டாக்டர்களின் சங்கம் பயமுறுத்தியது. அதே 1961-ல், அன்று நடிகராயிருந்த ரீகனின் பேச்சை இசைத்தட்டில் பதித்துப் பரப்பியது. இத்தனையும் மீறி, 1965 ஜூலை 30-ம் தேதி ஜனாதிபதி ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு திட்டம் அமுலுக்கு வந்தபோது, நிறவேற்றுமை காட்டும் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கார் பணம் கிடையாது என்றார்கள். கறுப்பின மக்களுக்குத் தனி வார்டு என்ற அநீதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் தகர்ந்தது. பொதுப்பணத்தின் பலம் அது.

முன்வாசலில் தோற்றவர்கள் கொல்லைப்புறமாக நுழைந்தார்கள். 1997-ம் ஆண்டுச் சட்டமும் 2003-ம் ஆண்டுச் சட்டமும் தனியார் கம்பெனிகளுக்கு மெடிகேருக்குள் அகலமான பாதை போட்டுக் கொடுத்தன. “மெடிகேர் அட்வான்டேஜ்” என்று பெயரும் சூட்டப்பட்டது. தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் கம்பெனிக்குப் பணம் கட்டும். வைத்தியச் செலவு போக மிஞ்சுவதில்தான் கம்பெனியின் லாபம். அதாவது, வைத்தியம் குறைந்தால் லாபம் கூடும்! இன்று மெடிகேர் முதியோரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தக் கம்பெனிகளின் பிடியில் இருக்கிறார்கள்.

விளைவு என்ன? டாக்டர் எழுதிய சிகிச்சைக்குக் கம்பெனியின் முன்அனுமதி வேண்டும். 2023-ல் மட்டும் ஏறக்குறைய 5 கோடி மனுக்கள் போயின. 32 லட்சம் மனுக்கள் முழுமையாகவோ பகுதியாகவோ நிராகரிக்கப்பட்டன. அவற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு கூட அப்பீலுக்குப் போகவில்லை. போனவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தீர்ப்பு மாறியது! அப்பீல் செய்யத் தெம்பில்லாத நோயாளியின் மௌனம் யாருக்கு லாபம்?

“பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாமே” என்கிறார்கள். 2024-ல் ஒரு முதியவர் முன் சராசரியாக 43 அட்வான்டேஜ் திட்டங்கள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி டாக்டர் பட்டியல், தனி மருந்துப் பட்டியல். அவையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கண் மங்கிய மூதாட்டி கணக்குப்பிள்ளையாக மாறினாலொழிய இதைப் படித்துத் தீர்க்க முடியுமா?

படித்துத் தீர்த்தாலும், பழைய பொது மெடிகேருக்குத் திரும்புவது எளிதல்ல. அதில் டாக்டர் கட்டணத்தில் நூற்றுக்கு 20 பங்கு நோயாளியின் தலையில் விழும். அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அதை ஈடுகட்ட “மெடிகாப்” என்ற துணை இன்ஷ்யூரன்ஸ் வேண்டும். 65 வயதில் மெடிகேரில் சேரும்போது ஆறு மாதம் வரை எந்தக் கேள்வியும் இன்றி அது கிடைக்கும். அதற்குப் பிறகு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி நோய்ச் சரித்திரத்தைக் கேட்கலாம், கட்டணத்தை ஏற்றலாம், மறுத்தும் விடலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் ஆகிய நான்கு மாநிலங்களில்தான் பாதுகாப்பு தொடர்கிறது.

ஆக, திடமாயிருக்கும்போது உள்ளே வா என்கிறார்கள். புற்றுநோய் வந்தபின் வெளியேற நினைத்தால் வழி அடைபட்டுக் கிடக்கிறது. சட்டம் “போகலாம்” என்கிறது. பணம் “போகாதே” என்கிறது. இதுதான் அவர்களுடைய சுதந்திரம்!

ஏழை முதியோர் அட்வான்டேஜ் திட்டங்களை நாடுவதை நாம் குறைகூறவில்லை. துணை இன்ஷ்யூரன்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? அட்வான்டேஜில் செலவுக்கு உச்சவரம்பாவது உண்டு. பொதுத்திட்டத்தில் அதை வைக்காமல் விட்டவர்கள்தான் குற்றவாளிகள்.

தனியார் வந்தால் சிக்கனம் என்ற வாதமும் பொய்த்தது. அமெரிக்கக் காங்கிரஸுக்கு ஆலோசனை கூறும் மெடிகேர் கமிஷனே கணக்குப் போட்டது: அதே முதியோர் பொதுத்திட்டத்தில் இருந்திருந்தால் ஆகும் செலவைவிட, 2024-ல் சர்க்கார் சுமார் 8,300 கோடி டாலர் அதிகம் கொடுத்தது. இந்தப் பணம் பல்லுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் பொதுத்திட்டத்திலேயே வைத்தியம் தர உதவாதா?

பிரிட்டனில் 1948 ஜூலை 5-ம் தேதி தேசிய சுகாதார சேவை பிறந்தது. அதற்குக் குறைகள் உண்டு. ஆனால் டாக்டரைப் பார்க்க அங்கே எந்த முதியவரும் ஆண்டுதோறும் கம்பெனிகளைத் தரம் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலும், எல்லோருக்கும் மெடிகேர் என்ற மசோதாவை 2017-ல் பெர்னி சாண்டர்ஸ் செனட்டில் கொண்டுவந்தார். அந்தக் கோரிக்கை நியாயமானது.

உழைத்து ஓய்ந்த மனிதனுக்கு வேண்டியது 43 திட்டங்களின் பட்டியல் அல்ல. தன் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், நோய் வந்த அன்று கைவிடாத ஒரே பொதுத்திட்டமும்தான். போராடிப் பெற்றதைப் போராடித்தான் காக்க முடியும்!