புழு தூங்குது... ரத்தம் தூங்கலை!

ஆலங்காயத்துல ஒரு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கம்னாலே தோல், ஷூன்னுதானே நினைப்பீங்க? அவங்க வீட்டுல பட்டுப்புழு வளர்க்கிறாங்க. தட்டுல அசையாம கிடந்த புழுவைத் தொடப் போனேன். "கையை எடுப்பா, தோல் உரிக்கிற நேரம்!"னு அவங்க அம்மா ஒரு அதட்டு. அப்போ இலை போடக்கூடாது. சுண்ணாம்புத்தூள் தூவி படுக்கையைக் காய விடணும். ஒரு தட்டுல நோய் புகுந்தா மொத்தப் புழுவும் போச்சு, போட்ட காசும் போச்சு.

'தோலை உரி'ன்னு ஆர்டர் போடறது எக்டைசோன்ங்கிற ஹார்மோன். 1954-ல ஜெர்மனியில பூட்டனான்ட், கார்ல்சன் ரெண்டு பேரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவுல இருந்து இதைப் பிரிச்செடுத்தாங்க. கிடைச்சது வெறும் 25 மில்லிகிராம்!

மேட்டர் என்னன்னா, இதே ஹார்மோன் ரத்த செல்களையும் உசுப்பிவிடுது. பூச்சிகளுக்கு நம்மள மாதிரி ஆன்டிபாடி கிடையாது. கிருமி வந்தா ரத்த செல்கள்தான் விழுங்கணும், இல்லேன்னா சூழ்ந்து சிறை வைக்கணும். 2013-ல பழ ஈயில செஞ்ச ஆய்வு இது: கூட்டுப்புழுவா மாறும்போது எக்டைசோன் ஏறுது. சும்மா ஒட்டிக்கிடந்த செல்கள் ஊர்ந்து திரிஞ்சு பாக்டீரியாவை விழுங்க ஆரம்பிக்குது. ஹார்மோனை உணர முடியாதபடி செஞ்ச செல்களோ மந்தமாவே கிடந்துச்சு; தொற்று வந்தப்போ அந்த ஈக்கள்ல சாவு அதிகம். இன்னொரு பக்கம் 'இளமை ஹார்மோன்'. அது கிருமிக்கொல்லிப் புரதங்களை அடக்கி வைக்கிறதை 2008-ல காட்டினாங்க.

உடம்பையே பிரிச்சு மாத்திக் கட்டுற நேரத்துல காவலைக் கூட்டுறது நியாயம்தானே? ஆனா, ஈயில பார்த்ததை அப்படியே பட்டுப்புழு மேல ஏத்திடாதீங்க.

பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க் லேப்ல வெட்டுக்கிளிக்கு ஹார்மோன் சுரப்பிகளை மாத்தி வைப்பாங்க. பெருசா சுத்தம் பார்க்காமலே செஞ்சும் அதுங்களுக்குத் தொற்று வரலை. 'எப்படி?'ன்னு யோசிச்ச ஜூல் ஹாஃப்மான், பின்னாடி பழ ஈயோட நோய் எதிர்ப்பை ஆராய்ஞ்சு 2011-ல நோபல் பரிசுல பங்கு வாங்கினார்.

ஸுவாலஜி பசங்களே, அந்த அம்மாவோட அதட்டல்லயே ஒரு புராஜெக்ட் இருக்கு! ஒரு சொட்டு புழு ரத்தம், மைக்ராஸ்கோப், செல் எண்ணுற ஸ்லைடு. தோல் உரிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எண்ணிப் பாருங்க. ரிசல்ட் வந்ததும் வாத்தியார்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, புழு வளர்க்கிற அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. காசு போட்டவங்க அவங்கதானே!