காவலா, விலங்கா? – மென்பொருட் படிமச் சரிபார்ப்பும் திறவுகோலின் உடைமையும்

மென்பொருட் படிமக் கோப்புகளைச் சரிபார்த்தல் வெறுந் தொழினுட்ப விடயமாகவே பெரிதும் கருதப்படுகின்றது. அனுமதியற்ற திருத்தம் தீது; எனவே அதனைத் தடுக்கும் முறை யாவும் நன்று என்பதே இந்நோக்கின் சாரமாகும். ஆயின், 'அனுமதியற்ற' என்னும் அச்சொல்லினுள்ளே, அனுமதி வழங்குபவர் யார் என்னும் வினா மறைந்து கிடக்கின்றது. அவ்வினாவை எழுப்பாத ஆய்வு முழுமையான ஆய்வாகாது.

சரிபார்ப்பின் தேவையை மறுப்பார் இலர். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ற் இணையத்தளத்தினுட் புகுந்தோர், பதிவிறக்க இணைப்பினை மாற்றி, கள்ளவாயில் பொருத்திய படிமத்தைப் பயனர் பெறுமாறு செய்தனர். ஒரு கோப்பில் ஒரேயொரு பிற் மாறினும் அதன் சுருக்கப் பெறுமானம் வேறுபட்டுவிடும். எனினும், கோப்பும் சுருக்கமும் ஒரே தளத்தில் இருப்பின், தளத்தைக் கைப்பற்றியோர் இரண்டையும் மாற்றிவிடலாம். இதனாலேயே இலக்கமுறைக் கையொப்பம் இன்றியமையாததாகின்றது. இரகசியத் திறவுகோலை உடையோர் மட்டுமே அதனை இடலாம். பகிரங்கத் திறவுகோல் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம்.

உடைமைப் பிரச்சினை தோன்றுவது இங்கேதான். கருவியிலே உற்பத்தியாளரின் திறவுகோல் மட்டுமே பதிக்கப்படின், விலை கொடுத்து வாங்கியவரும் அந்நியராகின்றார். 1999இல் விற்பனைக்கு வந்த ரிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி இதற்குத் தக்க சான்றாகும். அது லினக்ஸினைக் கொண்டு இயங்கியது. 1991ஆம் ஆண்டின் குனு பொது உரிமத்தினது இரண்டாம் பதிப்புக்கு அமைய மூலநிரலும் வெளியிடப்பட்டது. ஆயின், பயனர் திருத்திய நிரலை இயக்கக் கருவி மறுத்தது. நிலத்தை உழவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வாய்க்காலின் மடையை நிலக்கிழார் தம் கையில் வைத்துக்கொண்டமை போன்றது இச்செயல். றிச்சட் ஸ்ரோல்மன் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். 2007 யூன் 29இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பாவனைக் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவுதற்கு வேண்டிய தகவலையும் வழங்குமாறு விதித்தது.

லினக்ஸின் கருவை ஆக்கிய லினஸ் ரோவால்ட்ஸ் இதனை ஏற்றாரல்லர். நிரலுக்குக் கைம்மாறாக நிரலைக் கேட்பதே போதும். வன்பொருளின் அமைப்பு உற்பத்தியாளரின் உரிமை என்பது அவர்தம் வாதம். ஆக்கியோனின் நோக்கில் இவ்வாதம் பொருந்தலாம். ஆனால், அது பயனரை அறவே மறந்துவிடுகின்றது. இயக்க முடியாத திருத்தம் ஏட்டுச் சுரைக்காய் அன்றி வேறென்ன?

பயனரிடம் திறவுகோலை ஒப்படைப்பின் பாதுகாப்புக் குலையும் என்பர் வேறு சிலர். 2012இல் வெளியான விண்டோஸ் 8இன் சான்றிதழ் விதிகளே இதற்கு விடை பகர்கின்றன. இன்ரெல் வழிவந்த கணினிகளிலே பாதுகாப்பான தொடக்கத்தை நிறுத்தவும், தம் திறவுகோலைப் பதிக்கவும் பயனருக்கு வழியிருத்தல் வேண்டும் என மைக்ரோசொவ்ற் விதித்தது. ஆர்ம் கருவிகளிலோ அவற்றையே தடைசெய்தது. நிறுவனம் ஒன்று, நுட்பமும் ஒன்று, விதியோ இரண்டு. எனவே, தடை பாதுகாப்பின் நியதியன்று, வணிகத்தின் தெரிவே என்பது தெளிவு.

மேலும், உற்பத்தியாளரின் கையொப்பம் தூய்மைக்கு உத்தரவாதமும் அன்று. 2020இல் வெளிப்பட்ட சோலர்விண்ட்ஸ் விவகாரத்திலே, நஞ்சூட்டப்பட்ட இற்றைப்படுத்தல்கள் அந்நிறுவனத்தின் செல்லுபடியான கையொப்பத்துடனேயே வாடிக்கையாளரைச் சென்றடைந்தன. கையொப்பம் கோப்பினை அனுப்பியவர் யார் என்று கூறுமேயன்றி, அது நல்லதா என்று கூறாது.

ஆகவே, வேண்டப்படுவது சரிபார்ப்பினை ஒழித்தலன்று. திறவுகோலினை உரியவரிடம் சேர்த்தலே. பூட்டு வீட்டுக்காரனின் கையில் இருப்பின் அது காவல். பிறர் கையில் இருப்பின் அது சிறை. கணினிக் கல்வியும் சமூகக் கல்வியும் இவ்வேறுபாட்டை உணர்த்தத் தவறுமாயின், நாளைய பட்டதாரி தன் கருவிக்குத் தானே அந்நியனாவது திண்ணம்.