ஒயரை முறுக்கினால் கேட் ஓடும்; குழந்தை தப்புமா?

சென்னையில் அண்ணாநகர், வேளச்சேரி பக்கம் பல வீடுகளில் இப்போது மோட்டார் கேட். ரிமோட்டை அழுத்தினால் தானாக நகரும். சில கேட் 300 கிலோவுக்கு மேல் இருக்கும்!

வழியில் ஆள் நின்றால் கேட்டுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் 'போட்டோ சென்சார்' என்ற கண் உண்டு. குறுக்கே யாராவது வந்தால், மூடுகிற கேட் நின்றுவிடும் அல்லது திரும்பித் திறக்கும்.

அந்தக் கண்ணில் தூசி படிந்தாலோ, சிலந்தி வலை பின்னினாலோ கேட் மூடாமல் மக்கர் பண்ணும். துணியால் துடைத்தாலே போதும். சல்லிக்காசு செலவில்லை. ஆனால் நடப்பது என்ன? யாரோ ஒரு எலெக்ட்ரீஷியன் வருகிறார். சென்சார் ஒயரை முறுக்கி விடுகிறார். கேட் ஜோராக ஓடுகிறது. வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம்! கேட்டின் கண்ணைப் பிடுங்கியாகிவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

2010-ல் பிரிட்டனில் ஒரே வாரத்தில் இரண்டு சிறுமிகள் மோட்டார் கேட்டில் நசுங்கிச் செத்தார்கள். ஒருத்திக்கு வயது 6, இன்னொருத்திக்கு 5. சின்னவள் வழக்கில் கேட்டைப் பொருத்திய கம்பெனிக்கு மட்டுமல்ல, பராமரித்த கம்பெனிக்கும் கோர்ட்டு அபராதம் போட்டது. இங்கே முறுக்கி விட்டவரை யார் கேட்பது?

மாதம் ஒரு தடவை, கேட் மூடும்போது தள்ளி நின்று சென்சாருக்குக் குறுக்கே ஒரு நீளக் குச்சியை நீட்டிப் பார்க்கட்டும். நிற்கவில்லையா? மெயினை அணைத்து, மோட்டாரைச் சாவியால் விடுவித்து, சரியான மெக்கானிக் வரும்வரை கையால் தள்ளட்டும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனுக்காவது தெரியுமா?