விலக்களிக்க முடியாத நெறிகள்: சாய்ந்தமருதிலிருந்து ஒரு நோக்கு

2019 ஏப்ரல் 26 ஆம் திகதி இரவை சாய்ந்தமருது மக்கள் மறந்துவிடவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்து ஐந்து நாட்களே கடந்திருந்த நிலையில், சஹ்ரான் குழுவினர் தங்கியிருந்த வீடொன்றைப் பாதுகாப்புப் படையினர் சுற்றிவளைத்தனர். குண்டுகள் வெடித்தன. சிறுவர்கள் உட்பட 15 பேரின் சடலங்கள் அங்கு மீட்கப்பட்டன. அந்நியர்களின் நடமாட்டம் குறித்து முதலில் சந்தேகம் கொண்டு தகவல் வழங்கியவர்கள் அவ்வூரின் முஸ்லிம்களே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆயினும் அதன் பின்னரான மாதங்களில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பாரம் முஸ்லிம்கள் மீதே விழுந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தமிழ் இளைஞர்கள் அறிந்திருந்த ஒரு சட்டத்தை முஸ்லிம் குடும்பங்கள் அப்போதுதான் தமது வாசற்படியில் கண்டன.

சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரலில் கைதாகி 2022 பெப்ரவரியிலேயே பிணை பெற்றார். தமிழில் கவிதை நூலொன்றை எழுதிய ஆசிரியரான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இத்தகைய சம்பவங்கள் பேசப்படும் வேளைகளில் எல்லாம் "இது சர்வதேச சட்டத்திற்கு முரண்" என்ற குரல் எழுவதுண்டு. அக்கூற்று எந்த அளவிற்குச் சரி, எந்த இடத்தில் அது வெறும் ஆவேசமாக நின்றுவிடுகிறது என்பதைச் சற்று நிதானமாக நோக்குவது அவசியமென நாம் கருதுகிறோம்.

சர்வதேச சட்டம் பெரும்பாலும் அரசுகளின் சம்மதத்தில் தங்கியிருப்பது. ஓர் அரசு உடன்படிக்கையில் ஒப்பமிடலாம், ஒப்பமிடாமலும் விடலாம். ஒப்பமிட்டபின் விலகவும் செய்யலாம். ஆனால் ஒரு சில நெறிகள் அச்சம்மதத்திற்கு அப்பாற்பட்டவை. 'ஜுஸ் கோஜென்ஸ்' என லத்தீன் மொழியில் வழங்கப்படும் இவற்றை விலக்களிக்க முடியாத நெறிகள் எனலாம். 1969 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 53 ஆவது உறுப்புரை, இந்நெறிகளுக்கு முரணாகச் செய்யப்படும் உடன்படிக்கை பிறக்கும்போதே செல்லுபடியற்றது என்கிறது. நமது வாசகர்களுக்கு இது புதிய கருத்தன்று. கல்முனையில் ஒரு நொத்தாரிசின் முன்னிலையில் இருவர் முறைப்படி உறுதி எழுதி மூன்றாம் மனிதர் ஒருவரை அடிமையாக விற்றால், முத்திரை எத்தனை பதித்திருந்தாலும் அவ்வுறுதி காகிதமே. ஹராமானதை ஹலாலாக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் செல்லாது என்பதை பிக்ஹு பயின்ற எந்த மத்ரசா மாணவரும் சொல்லுவார்.

உவமைக்குச் சொன்ன அடிமை விற்பனை வெறும் கற்பனையுமன்று. தென்னமெரிக்காவின் சுரினாமில் சரமாக்கா மக்களுடன் ஒல்லாந்தர் 1762 இல் செய்துகொண்ட உடன்படிக்கை, தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க அம்மக்களைக் கடப்படுத்தியிருந்தது. 1993 இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்தின் முன் அது எடுத்துக்காட்டப்பட்டபோது, அத்தகைய உடன்படிக்கையை எந்த நீதிமன்றத்திலும் முன்வைக்க முடியாது என நீதியரசர்கள் ஒதுக்கிவிட்டனர்.

ஐக்கிய நாடுகளின் சர்வதேச சட்ட ஆணைக்குழு 2022 இல் இந்நெறிகளுக்கு முற்றுப்பெறாத பட்டியலொன்றை வெளியிட்டது. ஆக்கிரமிப்பு, இனப்படுகொலை, மானிடத்திற்கு எதிரான குற்றங்கள், இனப் பாகுபாடும் நிறவெறி ஆட்சியும், அடிமைமுறை, சித்திரவதை ஆகியவற்றின் மீதான தடைகள், மனிதாபிமானச் சட்டத்தின் அடிப்படை விதிகள், சுயநிர்ணய உரிமை என எட்டு விடயங்கள் அதில் உள்ளன. அதில் இல்லாதவற்றையும் நாம் கவனித்தல் வேண்டும். 2020 இல் கொவிட் தொற்றினால் மரணித்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டமை நம்மை உலுக்கிய அநீதி. அதனை எதிர்த்த மனுக்களை அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அது மத சுதந்திரத்தின் அப்பட்டமான மீறல். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின்படி அவசரகாலத்திலும் இடைநிறுத்த முடியாத உரிமைகளுள் மத சுதந்திரமும் ஒன்று. ஆயினும் இடைநிறுத்த முடியாத உரிமை வேறு, விலக்களிக்க முடியாத நெறி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் மேடைப் பேச்சு ஜெனீவாவில் எடுபடாது; வலுவான வழக்கையும் அது பலவீனமாக்கிவிடும்.

மாறாக, சித்திரவதை விடயத்தில் ஐயத்திற்கே இடமில்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 1998 இல் புருண்ட்ஸியா வழக்கிலும், சர்வதேச நீதிமன்றம் 2012 இல் பெல்ஜியம் செனகலுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலும் அதனை உறுதிப்படுத்தின. இலங்கையும் பிற்பட்டு நிற்கவில்லை, குறைந்தபட்சம் ஏட்டிலாவது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை சித்திரவதையைத் தடைசெய்கிறது. தேசிய பாதுகாப்பின் பெயரால் ஏனைய உரிமைகள் பலவற்றை மட்டுப்படுத்த இடமளிக்கும் 15 ஆவது உறுப்புரை இதனைத் தொடவில்லை. இதனை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சர்வசன வாக்கெடுப்பும் தேவை. நமது அரசியலமைப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு ஜுஸ் கோஜென்ஸ் என இதனைக் குறிப்பிட்டால் மிகையாகாது. 1994 இல் இலங்கை சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இணைந்து, அவ்வாண்டே 22 ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது.

அவ்வாறாயின் ஓட்டை எங்கே இருக்கிறது? 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆவது பிரிவிலே இருக்கிறது. சாதாரண சட்டத்தின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றில் சாட்சியமாகாது. இச்சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தை ஏற்கச் செய்கிறது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என நிரூபிக்கும் பொறுப்பும் கைதியின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. சித்திரவதை கூடாது என ஒரு கை எழுத, அதன் பலனை அறுவடை செய்ய மறு கை வழி திறந்துவிடுகிறது. மூன்றாண்டுகளுக்கு எனக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட இச்சட்டத்தை, அரசியலமைப்பின் 80(3) ஆவது உறுப்புரை காரணமாக எந்த நீதிமன்றமும் இன்று செல்லாது எனக் கூற முடியாது. 2022 இன் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. ஒப்புதல் வாக்குமூலப் பிரிவை அப்படியே விட்டுவைத்தது.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இவ்விடத்தில் பாடமாகிறது. தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த அவரது வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டுப் பெருவிரல் அடையாளம் பெறப்பட்டதாக முறையிடப்பட்டது. பெரும்பாலும் அதனையே ஆதாரமாகக் கொண்டு 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதாகக் கூறியது. அதனை ஏந்திக்கொண்டு அவர் 2006 இல் உயர் நீதிமன்றம் சென்றார். 1997 இல் அக்குழுவிடம் முறையிட வழிசெய்த நெறிமுறைக்கு ஜனாதிபதி இணங்கியமையே அரசியலமைப்புக்கு முரண் என அப்போதைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. நிவாரணம் தேடிச் சென்றவருக்கு நிவாரணத்தின் வாசலே மூடப்பட்டது.

இந்நெறிகள் மீறப்பட்டால் சர்வதேச நீதிமன்றம் உடனே கைகொடுக்கும் என எண்ணுவதும் தவறு. கொங்கோ ருவாண்டாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2006 இல் அந்நீதிமன்றம், இனப்படுகொலைத் தடை விலக்களிக்க முடியாத நெறி என முதன்முறையாக வெளிப்படையாகக் கூறியது. அதே தீர்ப்பில், அந்த ஒரு காரணத்தால் மட்டும் தனக்கு நியாயாதிக்கம் பிறக்காது எனவும் கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. ரோஹிங்யாக்களுக்காகக் காம்பியா 2019 இலும், காஸாவுக்காகத் தென்னாபிரிக்கா 2023 டிசம்பரிலும் அங்கு செல்ல முடிந்தது, இனப்படுகொலை உடன்படிக்கையின் 9 ஆவது உறுப்புரை கதவைத் திறந்து வைத்திருந்தமையால்தான். ஆனாலும் வாசல்கள் முற்றாக அடைபட்டுவிடவில்லை. சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹப்ரே, செனகலில் அடைக்கலம் புகுந்து இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக நிம்மதியாக வாழ்ந்தார். பாதிக்கப்பட்டவர்கள் விடவில்லை. 2016 மே மாதம் டக்கார் நகரில் அமைந்த ஆபிரிக்க விசேட மன்றம் அவருக்கு ஆயுட்தண்டனை விதித்தது. 2015 இன் ஜெனீவாத் தீர்மானத்திற்கு வழங்கிய இணை அனுசரணையிலிருந்து இலங்கை 2020 இல் விலகியது. அனுசரணையிலிருந்து விலகலாம், சித்திரவதைத் தடையிலிருந்து விலகுவதற்கு எந்தக் கடிதமும் இல்லை.

இனி நம் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். பட்டியலிலுள்ள எட்டில் தமிழ் அரசியல் சுயநிர்ணயத்தையும் இனப்படுகொலையையும் உரத்துப் பேசுகிறது. முஸ்லிம் அரசியல் காஸாவைப் பேசுகிறது. 2024 ஜூலையில் பலஸ்தீனம் குறித்து சர்வதேச நீதிமன்றம் அளித்த ஆலோசனைக் கருத்தில், அந்நிய ஆக்கிரமிப்பின் கீழ் சுயநிர்ணயம் விலக்களிக்க முடியாத நெறி எனக் குறிப்பிட்டமையைச் சரியாகவே வரவேற்றது. ஆனால் இக்கரையோரத்தில் 1990 ஆம் ஆண்டு என்ன நடந்தது? ஜூனில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12 ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர், அதில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீது குற்றஞ்சாட்டப்படுகிறது. ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். காத்தான்குடியைத் தமிழ்த் தலைமைகள் தயங்கியே நினைவுகூருகின்றன. வீரமுனையை முஸ்லிம் தலைமைகள் பெரும்பாலும் நினைவுகூருவதே இல்லை. எமது துறையும் இதில் குற்றமற்றதன்று. பத்திரிகைகளின் நினைவுநாட் பக்கங்களும் வாசகரின் ஊரைப் பார்த்தே பல வேளைகளில் தயாராகின்றன.

ஒரு சாராரின் விடுதலைக்காக மறு சாராரின் தொழுகையிடம் இரத்தக்களமாவதை இந்நெறிகள் அனுமதிப்பதில்லை. சுயநிர்ணய உரிமையும் பொதுமக்கள் கொலைத் தடையும் ஒரே பட்டியலில் நிற்பதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை ரத்துச் செய்ய இயலாது. ஊர்காவற் படை அரசின் ஆயுதத்தை ஏந்தியது என்பதும் அதன் பொறுப்பைக் குறைக்காது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக 2018 இலும் 2023 இலும் கொண்டுவரப்பட்ட சட்டமூலங்கள் சட்டமாகவில்லை. 2024 இல் ஆட்சிக்கு வந்தோரும் அதனை நீக்குவதாக வாக்களித்தே வந்தனர். எந்தப் பெயரில் எந்தச் சட்டமூலம் சபைக்கு வந்தாலும், பொலிஸாரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகுமா என்ற ஒரு கேள்வியை அம்பாறை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் சேர்ந்து எழுப்ப வேண்டும். ஆகும் என்பது விடையாயின் அவர்கள் இரு தரப்பினரும் எதிர்த்து வாக்களிக்க வேண்டும்.