மரப் பள்ளிவாசலின் சாட்சியம்

கென்யா நாட்டின் கடற்கரையோரத்தில், பவளக் கல்லால் எழுப்பப்பட்ட பழம்பெரும் பள்ளிவாசல்களும் கபுறுகளும் இடிபாடுகளாய்க் கிடக்கின்றன. மாலிந்திக்கு அருகிலுள்ள கெடி அவற்றுள் புகழ்பெற்ற ஊர். 1948 முதல் 1958 வரை ஜேம்ஸ் கிர்க்மன் அங்கே அகழாய்வு நடத்தினார். ஜும்ஆப் பள்ளியும், அரண்மனையும், ஆழ்ந்த கிணறுகளும், ஹிஜ்ரி 802, அதாவது 1399ஆம் ஆண்டைக் குறிக்கும் கபுறு ஒன்றும் ஆய்வில் தெளிவுற்றன.

இவற்றைக் கட்டியோர் யாவர்? அரபிகளும் பாரசீகருமே என்றனர் ஆங்கில ஆட்சிக்கால அறிஞர் பலர். அம்மண்ணுக்குரிய ஸ்வாஹிலி மக்களுக்கு இப்பெருமையில் பங்களிக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. அக்கரையின் உயர்குடியினர் பலருங்கூடத் தம்மை ஷீராஸ் நகரத்தார் வழிவந்தோர் என்றே சொல்லிப் பெருமை கொண்டனர்.

மண்ணோ வேறு சாட்சியம் சொல்லிற்று. 1980 முதல் பாத்தே தீவிலுள்ள ஷங்கா என்னும் ஊரில் மார்க் ஹார்ட்டன் அகழ்ந்தார். அங்குள்ள கல் பள்ளிவாசலின் அடியில் அதனினும் பழைய பள்ளி. அதன் அடியில் இன்னொன்று. இவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாகச் சென்று, எட்டாம் நூற்றாண்டில் மரத்தால் அமைந்த சிறு பள்ளிகளில் முடிந்தது. மரம் மக்கிப் போயிற்று. கம்பங்கள் நட்ட குழிகள் மட்டும் மண்ணில் தடமாய் எஞ்சின. உடன் கிடைத்த மட்பாண்டங்களுள் பெரும்பாலானவை உள்நாட்டார் வனைந்தவை.

1331இல் மொம்பாசாவுக்கு வந்த இப்னு பதூதாவும், அங்குள்ள பள்ளிவாசல்கள் மரத்தால் நேர்த்தியாகக் கட்டப்பட்டவை என்றும், மக்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த நல்லோர் என்றும் எழுதிவைத்தார். பள்ளி வாயிலில் கிணறு இருந்ததையும், கால் கழுவிய பின்னரே உள்ளே சென்றதையும் குறிப்பிட மறக்கவில்லை.

2023இல் வெளியான மரபணு ஆய்வு, அக்கரை ஊர்களின் பழைய கபுறுகளில் அடங்கியோரை ஆராய்ந்தது. அவர்களுள் பலர் பெரும்பாலும் ஆப்பிரிக்கத் தாய்மாருக்கும் பாரசீகத் தந்தைமாருக்கும் வழித்தோன்றியோர். அக்கலப்பு 1000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது என அது தெரிவித்தது. ஆகவே, முன்னோர் சொன்ன பாரசீக உறவு பொய்யன்று. ஆயினும் ஷங்காவின் மரப்பள்ளி அக்காலத்துக்கு முன்னரே எழுந்துவிட்டது. தந்தையின் ஊரைச் சொன்ன நாவுகள் தாயின் ஊரை மறந்தன; மண் மறக்கவில்லை.

அன்பர்களே! வமிசத்தைக் கொண்டு மேன்மை தேடுவதை நம் மார்க்கம் ஒப்புவதில்லை. இறையச்சமே மேன்மையின் அளவுகோல். கல்லின் கம்பீரத்தைக் கண்டு ஈமானை அளப்பதும் தவறு. கம்பம் நட்டுக் கூரை வேய்ந்து தொழுத அப்பெயரறியா மக்களின் ஸுஜூது, பிற்காலச் சுல்தான்களின் ஸுஜூதினும் எவ்வகையில் குறைந்தது?

ஒரு வேண்டுகோள். பழைய பள்ளியை இடித்துப் புதியது எழுப்பும் ஜமாஅத்தார், அஸ்திவாரம் தோண்டுமுன் அறிந்தோரை அழைத்து அடிமண்ணைக் காட்டட்டும். கல்வெட்டையும் பழைய தளத்தையும் படமெடுத்துக் குறித்து வைக்கட்டும். ஒருமுறை கலைந்த மண் மறுமுறை பேசாது. முன்னோர் விட்டுச்சென்ற சாட்சியமும் ஓர் அமானிதமே. அதனைப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.